மூன்று புள்ளியும் ஒரு கோடும்

புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் என்னிடம் வழக்கமாகக் கேட்பது ஒன்றுதான். தோலைப் பார்த்த மாத்திரத்தில் இன்ன நோய் என்று எப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்பார்கள். நான் சரியாகச் சொன்னவற்றைக் கேட்டால் உங்களுக்குக் கை தட்டத்தான் தோன்றும். கோட்டை விட்டதைக் கேட்டால் ஒருவேளை உபயோகப்படும். அதனால் ஜவ்வாது மலையில் ஒரு சமையல்காரப் பெண்ணின் பிழைப்பில் நான் மண்ணைப் போடப் பார்த்த கதையைச் சொல்கிறேன். முப்பது வருடத்துக்கு மேல் நர்ஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிறகும் மனிதத் தோல் என்றால் எனக்கு ஒரு பிரமிப்பு இருக்கிறது. அதைத் தொடங்கி வைத்தவள் அவள்தான்.

எழுபதுகளின் கடைசி. மலைமேல் ஒரு சின்னத் தொழுநோய் மருத்துவமனை. ஆறு கட்டில் கொண்ட வார்டு, ஒரு மருந்து அறை, எப்போதும் ஒழுகும் ஒரு தாழ்வாரம். பெரிய டாக்டர் பதினைந்து நாளைக்கு ஒருமுறை ஜீப்பில் வந்து போவார். மற்ற நாட்களில் எல்லாவற்றுக்கும் நான்தான். கண்ணமங்கலத்துக்குப் பக்கத்திலிருந்து போனவள், வயது இருபத்தாறு. எல்லாம் தெரியும் என்கிற நினைப்பும் என் பெட்டியோடு மலை ஏறியிருந்தது.

ஒரு திங்கட்கிழமை காலை, மலைப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பள்ளியின் தலைமை ஆசிரியர் வந்தார். கலசப்பாக்கத்துக்காரர், பேச்சில் மரியாதை குறையாதவர். அவருக்குப் பின்னால் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு பள்ளியின் சமையல்காரி காளியம்மா. கணவன் இல்லை. நாலாம் வகுப்பில் இருக்கும் மகள் அதே விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அந்த வேலைதான் அம்மாவுக்குச் சோறும் மகளுக்குப் படிப்பும்.

"முந்தானைய எடும்மா" என்றேன்.

எடுத்தாள். முகம் முழுக்கச் சிவந்து தடித்திருந்தது. இமைகள் வீங்கி, கண் பாதிதான் திறந்தது. வலது கன்னமும் வலது காதும் இடப்பக்கத்தைவிட மோசம். காது மடல் தடித்து மினுமினுத்தது. முகம் சிவந்து காது தடித்தால் எங்கள் தொழிலில் முதலில் நினைவுக்கு வருவது எது என்று உங்களுக்குத் தெரியும். ஊருக்கும் அது தெரியும்.

"இன்னா பண்ணுது?"

"எரியுது சிஸ்டர். தண்ணி பட்டா எரியுது, காத்து பட்டா எரியுது. மொளகா அரைச்ச கைய மூஞ்சில வெச்சா மாதிரி கீது. ரெண்டு மாசமா இப்பிடித்தான். நீ ஒரு மருந்து குடு, நான் போவணும். உலை வெச்சிட்டு வந்துக்கீறேன்."

மலைக்காரர்கள் யாரையும் 'நீ' என்றுதான் சொல்வார்கள். பெரிய டாக்டரும் அவர்களுக்கு 'நீ'தான். அதில் மரியாதைக் குறைவு எதுவும் கிடையாது.

தலைமை ஆசிரியர் என்னைத் தாழ்வாரத்துக்கு அழைத்தார். "நான் கல் நெஞ்சுக்காரன் இல்லீங்க. அறுபது புள்ளைங்க அந்தம்மா கையால சாப்புடுது. பெத்தவங்க வந்து கேட்டா இன்னா பதில் சொல்றது? 'அது' இல்லன்னு ஒரு பேப்பர் எழுதிக் குடுத்துடுங்க, இன்னிக்கே அடுப்புகிட்ட நிக்கட்டும். இல்லன்னா நான் வேற ஆள் பாக்கணும்ங்க."

அவரும் நோயின் பெயரைச் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் யாரும் சொல்லமாட்டார்கள்.

பஞ்சைத் திரித்து, கண்ணை மூடச் சொல்லி, கன்னத்தில் தொட்டேன். பஞ்சு பட்டதும் துள்ளினாள். நெற்றி, தாடை, காது, எங்கே தொட்டாலும் துள்ளல். எனக்குப் பாதி உயிர் வந்தது. நாம் தேடும் நோயில் தோல் மரத்துப்போகும். இவளுக்கோ உணர்ச்சி வழக்கத்துக்கு மேல் இருந்தது. ஆனால் முகத்தில் அந்த நோய் சில சமயம் உணர்ச்சியை விட்டுவைத்து ஏமாற்றும் என்றும் படித்திருந்தேன். தோலைக் கீறி எடுத்த திரவத்தைக் கண்ணாடியில் தடவி மலையடிவாரத்துக்கு அனுப்பினேன். அதன் முடிவு பெரிய டாக்டரோடுதான் வரும். இன்னும் பத்து நாள் இருந்தது.

அந்தப் பத்து நாளைக்கு என்ன செய்வது என்பதில்தான் கோட்டை விட்டேன்.

வக்கீலைப் போலக் குறுக்கு விசாரணை செய்தேன். என்ன சோப்பு, மஞ்சள் பூசுகிறாயா, ஒடுகத்தூர்ச் சந்தையில் முகப்பவுடர் ஏதாவது வாங்கினாயா, புளி கரைக்கிறாயா, என்ன விறகு என்றெல்லாம் கேட்டேன். பொறுமையாகப் பதில் சொல்லிக்கொண்டு வந்தாள். நடுவில் ஒரு தகவல் விழுந்தது. திருவிழாவுக்குப் பள்ளி மூடிய ஒரு வாரம் தன் ஊருக்குப் போயிருந்தாள், அங்கே எரிச்சல் நன்றாக அடங்கியது, திரும்பி வந்த மூன்றாம் நாள் மறுபடி ஏறிக்கொண்டது.

"அடுப்பு எந்தப் பக்கம்?" என்று கேட்டேன்.

"சோத்துக்கைப் பக்கம்."

வலக்கைப் பக்கம். மோசமாக இருப்பதும் வலது கன்னம்தான். எனக்கு ஒரே உற்சாகம். பிடித்துவிட்டேன், விறகுப் புகைதான் என்று முடிவு கட்டினேன். அடுப்பை விட்டு ஒரு வாரம் தள்ளி வைத்தால் முகம் தெளிந்துவிடும், தலைமை ஆசிரியரும் கண்ணாலேயே பார்த்துக்கொள்வார். "வார்டுல ஒரு வாரம் இரும்மா, நான் பாத்துக்கறேன்" என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "இங்கயா? இந்தக் கட்டில்லயா? வேணாம் சிஸ்டர். எங்கயாவது மாட்டுக்கொட்டாயில படுத்துக்கறேன்."

"எங்க படுத்தா இன்னா? எனக்குக் கண்ணெதிர்ல இருக்கணும்" என்று அதட்டினேன். எனக்கு அது வெறும் கட்டில். ஊருக்கு அது தீர்ப்பு. இது அவளுக்குப் புரிந்திருந்தது, படித்த எனக்குப் புரியவில்லை. தலை குனிந்து உள்ளே வந்தாள். அதட்டியதற்குச் சமாதானமாக அலமாரியைத் திறந்து, சலவையிலிருந்து புதிதாக வந்திருந்த தலையணை உறை ஒன்றை எடுத்து நானே மாட்டிக் கொடுத்தேன். மற்றக் கட்டில்களுக்கெல்லாம் பழைய உறைதான்.

மறுநாளே முனியம்மா வந்தாள். அவள் மகளும் விடுதியில் படித்தாள். வார்டுக்குள் வராமல் ஜன்னலுக்கு வெளியே பத்தடி தள்ளி நின்று கத்தினாள். நல்ல வெயிலிலும் முந்தானையை இடது கையில் முழங்கை வரை சுற்றியிருந்தாள்.

"அந்தக் கட்டில்ல படுக்க வெச்சுட்டு இல்லன்னு சொன்னா எவ நம்புவா? எம் பொண்ணுக்கு இவ கையால சோறு போட்டுக்கீறாளே! நான் பொண்ண வூட்டுக்கு இட்டுக்கினு போறேன்!"

அவள் மகளைக் கூட்டிப் போனாள். அவளைப் பார்த்து இன்னும் ஏழெட்டுப் பேர். காளியம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவள் அழுதாளா என்று எனக்குத் தெரியாது. வீங்கிய கண்ணிலிருந்து எப்படியும் நீர் வடிந்துகொண்டுதான் இருந்தது.

மூன்றாம் நாள் என் புகைக் கொள்கை புகைந்து போனது. அடுப்பே இல்லாத என் வார்டில், நான் கொதிக்க வைத்துக் கொடுத்த தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டு, என் கண்ணெதிரில் அவள் முகம் இன்னும் மோசமாகியிருந்தது. பிள்ளைகளா, ஒரு விஷயம் ஒத்துக்கொள்கிறேன். அன்று எனக்கு முதலில் வந்தது கவலை அல்ல, கோபம். சரியான மருத்துவத்துக்கு அடங்காத நோயாளியின் மேல் நமக்கு ஒரு கோபம் வருமே, அது. அது வரும்போது உஷாராகுங்கள்.

நாலாம் நாள் அரிப்பு தாங்காமல் நகத்தால் பிறாண்டத் தொடங்கினாள். மத்தியானம் ஓர் அவில் மாத்திரை கொடுத்தேன். வாழ்நாளில் மாத்திரையே அறியாத உடம்பு. அடித்துப் போட்டது போல வலப்பக்கம் ஒருக்களித்து, மாலை வரை அசையாமல் தூங்கினாள்.

மறுநாள் காலை தலைமை ஆசிரியர் வந்துவிட்டார். "இருபது புள்ளைங்க வூட்டுக்குப் போய்டுச்சுங்க. அடுப்பு இல்லாமலே அதிகமாயிடுச்சுன்னு நீங்களே சொல்றீங்க. அப்ப அதுதானே? 'மேற்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறோம்'னு ஒரு வரி எழுதிக் குடுங்க, போதும். மீதிய நான் பாத்துக்கறேன்."

அந்த ஒரு வரியில் பொய் எதுவும் இல்லை. எந்த நர்ஸும் எழுதக்கூடிய வரி. அது எழுதப்பட்டால் அவள் வேலை அன்றோடு போகும், மகளும் புத்தகத்தை மூடிவிட்டுக் கூடவே போவாள். காகிதத்தை எடுத்துவிட்டேன், தேதியும் போட்டுவிட்டேன். எழுதும் முன் கடைசியாக ஒரு தடவை பார்த்துவிடுவோம் என்று எழுந்து போனேன். மனசாட்சி என்று பெருமை அடித்துக்கொள்ளமாட்டேன். பேனா ஓடவில்லை, அவ்வளவுதான்.

ஜன்னல் பக்கம் திருப்பி வைத்துப் பார்த்தேன். வலது காதுக்கு முன்னால், சிவந்த தோலின் மேல், புதிதாகச் சில கொப்புளங்கள். கடுகு அளவில் மூன்று, வரிசையாக. அவற்றுக்குக் கீழே மெல்லிய வரப்பு போல ஒரு தடிப்பு. மூன்று புள்ளி, ஒரு கோடு. நோய் இப்படி நேராக வரிசை கட்டி வராதே என்று தோன்றியது. அதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை.

அப்போது தாழ்வாரத்தில் ஏழுமலை மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தார். ஒடுகத்தூரிலிருந்து வாரம் ஒருமுறை, புளி ஏற்ற வரும் லாரியில் தொற்றிக்கொண்டு வரும் சலவைக்காரர். எங்கள் துணியும் பள்ளியின் துணியும் அவரிடம்தான். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் நூறு துணி கலந்து கிடந்தாலும் மூலையைப் புரட்டி ஒரு பார்வை பார்ப்பார், துணி தன் குவியலில் போய் விழும்.

"இது ஸ்கூலு... இது ஆஸ்பத்திரி... இதுவும் ஆஸ்பத்திரி..."

நான் நின்ற இடத்திலிருந்தே அவர் கையிலிருந்த போர்வையின் மூலை தெரிந்தது. அதில் கறுப்பாக மூன்று புள்ளி, கீழே ஒரு கோடு.

ஓடிப் போய்க் காளியம்மாவின் தலையணையைத் திருப்பினேன். உறையின் மூலையில், காது படும் இடத்தில், அதே குறி. புத்தம் புதிதாக, கருகருவென்று. நானே தேடி எடுத்து மாட்டிய உறை.

"ஏழுமலை, இந்தக் குறிய எத்தினால போடறீங்க?"

அவர் பயந்துபோனார். "துணி எதுனா கெட்டுப்போச்சாம்மா? எங்க அப்பன் காலத்துலருந்து சேங்கொட்டதாங்க. கொட்டைய ஊசியால குத்தி, அந்த எண்ணெயில குறி வெச்சு, மேல சுண்ணாம்பு தடவுனா எத்தினி வெள்ளாவி வெச்சாலும் போவாதுங்க."

சேங்கொட்டை என்ற சொல் காதில் விழுந்ததும் கட்டிலில் இருந்த காளியம்மா எழுந்து உட்கார்ந்தாள்.

"சேங்கொட்டையா?" என்றாள். பாதிக் கண்ணால் தலையணையைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, தனக்குத்தானே சொல்வது போல: "எட்டு வயசுல எங்கம்மாகூட சேங்கொட்ட பொறுக்கப் போனேன். அடிச்சுப் போட்ட கொட்டைய மடியில கட்டிக்கினு, அந்தக் கையாலயே மூஞ்சியத் தொடச்சிக்கினேன். மூஞ்சி பூசணிக்கா மாதிரி ஆயிடுச்சு. கண்ணு தெரியாம நாலு நாள் கெடந்தேன். அப்பறம் அந்த மரத்துப் பக்கமே நான் போனதில்ல சிஸ்டர். மறந்தே போய்ட்டேன்."

அவள் மறந்துவிட்டாள். அவள் தோல் மறக்கவில்லை. எட்டு வயதில் ஒரு தரம் பட்ட எண்ணெயை, இருபத்தைந்து வருடம் கழித்து, சுண்ணாம்பு தடவி வெள்ளாவியில் அவித்த ஒரு புள்ளியில் அந்தத் தோல் கண்டுபிடித்துவிட்டது. இரண்டு மாதத்துக்கு முன் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் அவள் முதன்முதலாகத் தலையணையில் தலை வைத்தாள். சமையல்காரியும் மதிப்பாக இருக்க வேண்டும் என்று தலைமை ஆசிரியர் ஆசையாக வாங்கிக் கொடுத்தது; அதன் உறையிலும் ஏழுமலையின் சேங்கொட்டைக் குறிதான். பிள்ளைகளுக்குப் பாய் மட்டும்தான். சொந்த ஊரில் அவளுக்குக் கைதான் தலையணை, அதனால்தான் அங்கே போனதும் அடங்கியது. மற்ற நோயாளிகளின் தோலுக்குச் சேங்கொட்டையோடு பழைய பகை கிடையாது. ஒரு மாத்திரையில் அவள் அசையாமல் தூங்கியதால், வினை எங்கிருந்து வருகிறது என்று அந்தத் தோல் எனக்கு வரைந்தே காட்டிவிட்டது. நான்தான் அதுவரை அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தலைமை ஆசிரியர் தாடையைத் தடவினார். "நீங்க சொல்றது நல்லாத்தான் இருக்குங்க. முன்ன புகைன்னு சொன்னதும் நல்லாத்தான் இருந்துச்சு."

பதில் சொன்னவள் காளியம்மா. தன் இடது கையை நீட்டினாள்.

"இந்தக் குறிய வெட்டி என் கையில வெச்சுக் கட்டு சிஸ்டர். இன்னொரு கையில குறி இல்லாத துணிய வெச்சுக் கட்டு. எது எரியுதுன்னு எல்லாரும் பாக்கட்டும்."

"வேணாம்மா, இருக்கற எரிச்சல் போதாதா?"

"மூஞ்சில எரியறத வுட கையில எரிஞ்சா நல்லதுதானே?"

பெரிய ஆராய்ச்சிக்கூடங்களில் செய்வதை ஒரு மலைப் பெண் கட்டிலில் உட்கார்ந்தபடி யோசித்துச் சொல்லிவிட்டாள். தலையணை உறையைக் கத்தரித்தேன். குறி உள்ள துண்டு இடது கையில், இல்லாத துண்டு வலது கையில். குறி உள்ள இன்னொரு துண்டை என் கையிலும் கட்டிக்கொண்டேன். தலைமை ஆசிரியர் ஒவ்வொரு பிளாஸ்திரியின் மேலும் பேனாவால் கையெழுத்துப் போட்டார், நாங்கள் நடுவில் அவிழ்த்துவிடக் கூடாதாம். நான் தேதி போட்ட காகிதம் அந்தக் களேபரத்தில் கசங்கிப் போயிருந்தது. தலையணையைத் தூக்கி ஏழுமலையிடமே கொடுத்துவிட்டு, காளியம்மாவை மருந்து அறையில் பாய் விரித்துப் படுக்க வைத்தேன்.

இரண்டு நாள் கழித்து, தாழ்வாரத்தில் வைத்து அவிழ்த்தோம். பெற்றவர்களில் பத்துப் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். முனியம்மாவும் வந்திருந்தாள், வழக்கம்போலத் தள்ளி நின்றாள். என் கையில் ஒன்றுமில்லை. காளியம்மாவின் வலது கையில் ஒன்றுமில்லை. இடது கையில் மூன்று புள்ளியும் ஒரு கோடும் கொப்புளமாக எழும்பியிருந்தன. அவள் அந்தக் கையை உயர்த்தி, ஒவ்வொருவர் முன்னாலும் கொண்டுபோய்க் காட்டினாள். முகமும் அதற்குள் பாதி வாடியிருந்தது. கண் இரண்டும் திறந்திருந்தன.

தலைமை ஆசிரியர் காகிதத்தை நீட்டினார். 'அது இல்லை' என்று எழுதிக் கொடுத்தேன். காளியம்மா அதை வாங்கிப் பார்த்துவிட்டு என்னிடமே திருப்பினாள். "இத எவ படிக்கப் போறா? என்ன அந்தக் கட்டில்ல படுக்க வெச்சது நீ. நீயே வந்து என் கையால துன்னு."

போனேன். பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்தேன். சுடச்சுடச் சாமைச் சோற்றைத் தன் கையால் அள்ளி என் தட்டில் வைத்தாள். பெற்றவர்கள் வாசலில் நின்று பார்த்தார்கள். நான் மறுசோறு கேட்டேன், வேஷத்துக்காக அல்ல, பசியில். அதன் பிறகு மற்றத் தட்டுகளும் ஒவ்வொன்றாக நீண்டன. முனியம்மா மட்டும் கடைசிவரை வாசலிலேயே நின்றுவிட்டுப் போனாள். ஏழுமலை அந்த வாரத்திலிருந்து தலையணை உறைகளுக்குச் சிவப்பு நூலால் தையல் குறி போட ஆரம்பித்தார். பெரிய டாக்டரோடு வந்த பரிசோதனை முடிவிலும் கிருமி இல்லை.

கதை இத்தோடு முடிந்திருந்தால் இன்று உங்களிடம் சொல்லியிருக்க மாட்டேன்.

அதற்கடுத்த திங்கட்கிழமை மருந்து அறையைத் திறந்தபோது காளியம்மா நின்றிருந்தாள். முகம் முக்கால்வாசி தெளிந்திருந்தது. அவள் முனியம்மாவின் கையைப் பிடித்திருந்தாள். இத்தனை கத்திய முனியம்மாவின் கையை.

"ராத்திரி பூரா யோசன பண்ணிக்கினு என்கிட்ட வந்தா. நீயே பாரு" என்றாள் காளியம்மா.

முனியம்மா முந்தானையை இடது கையிலிருந்து மெல்லப் பிரித்தாள். முன்கையில் உள்ளங்கை அளவுக்கு வெளிறிய ஒரு தேமல். "ஒரு வருசமா கீது" என்றாள் தரையைப் பார்த்து. "அவளுக்குக் கட்டுனியே ஒரு துணி, அத எனக்கும் கட்டிப் பாரு. எரிஞ்சா எனக்கும் சேங்கொட்டதானே சிஸ்டர்?"

ஊரையே கூட்டிக் கத்தியவளின் பயம் யாரைப் பற்றியது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. துணி வேண்டாம் என்று சொல்லி, கண்ணை மூடி உட்காரச் சொன்னேன். எங்கே தொடுகிறேனோ அங்கே விரலை வைத்துக் காட்ட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். பஞ்சைத் திரித்தேன். காளியம்மா அவள் தோளைப் பிடித்துக்கொண்டு அருகில் உட்கார்ந்தாள்.

முனியம்மா கண்ணை இறுக்கி மூடி, ரொம்ப சிரத்தையாகக் காத்திருந்தாள். தேமலின் நடுவில் தொட்டேன். ஓரத்தில் தொட்டேன். மறுபடி நடுவில், பஞ்சு வளையும்படி அழுத்தித் தொட்டேன். எதிரில் காளியம்மா மூச்சுவிடாமல் பஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்ப சிஸ்டர் தொடப் போற?" என்று கேட்டாள் முனியம்மா.

நான் பதில் சொல்லுமுன், காளியம்மா தன் கையால் அந்தத் தேமலை முழுக்க மூடிப் பிடித்துக்கொண்டாள். "தொட்டாச்சுடி" என்றாள். "கண்ணத் தொற. சீக்கிரம் வந்துட்ட. மாத்திர கீது."